முன்சக்கரம் உதறினால் எங்கிருந்து தொடங்குவது?

பழைய மாருதி 800, சான்ட்ரோ, ஆல்டோ வைத்திருப்பவர்கள் ஸ்டியரிங் உதற ஆரம்பித்ததும் நேரே அலைன்மென்ட் பார்க்கப் போய்விடுகிறார்கள். பணம் கொடுத்துவிட்டு வரும் வழியிலேயே மறுபடி உதறுகிறது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். உதறலுக்கு முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்ஸிங். இரண்டு வேலையும் ஒரே கடையில் நடப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காற்றைச் சரியாக வைத்து, நல்ல சாலையில் ஓட்டிப் பாருங்கள். உதறல் எப்போது வருகிறது என்பதுதான் பாதி விடை. எழுபதில் தொடங்கி, தொண்ணூறைத் தாண்டினால் குறைகிறதா? பேலன்ஸிங். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? டிஸ்க். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்ததும் நிற்கிறதா? டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு சிறிது நேரம் ஆடி அடங்குகிறதா? ஏதோ ஒரு ஜாயின்ட்டோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. இருபது, முப்பதிலேயே வண்டி இடமும் வலமுமாக அசைந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். வீல் நட் தளர்ந்திருக்கலாம், டயருக்குள் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த வண்டியென்றால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு முடிவெடுங்கள். தரையில் அழுந்தி நின்ற பகுதி டயரில் தட்டையாகியிருக்கும். டயர் சூடானால் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.

அடுத்து சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மழைக்காலத்தில் கிராமத்துச் சாலையில் போய் வந்த வண்டிகளில் ரிம்மின் உள்வளையத்தில் களிமண் ஒட்டிக் காய்ந்து கிடக்கும். மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயர், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 14 சுற்றுச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ரிம்மின் ஓரத்தில் இருக்கும் 20 கிராம் மண், சக்கரத்தை இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே இழுக்கும். மண்ணைச் சுரண்டிக் கழுவினாலே தீர்ந்துவிடும் உதறல்கள் உண்டு. பேலன்ஸிங்குக்காக அடித்த ஈயக்கட்டி விழுந்திருந்தால் ரிம்மின் விளிம்பில் அந்த இடம் மட்டும் துருவில்லாமல் தெரியும். டயரின் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அந்த டயரை அன்றைக்கே மாற்றுங்கள். வயதையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை முன்பக்கம் போடாதீர்கள்.

இப்போது காசு செலவில்லாத ஒரு சோதனை. முன்சக்கரங்கள் இரண்டையும் பின்னால் போட்டு, பின்சக்கரங்களை முன்னால் கொண்டுவாருங்கள். அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். ஸ்டியரிங் உதறல் நின்று, சீட்டில் அதிர்வு தெரிந்தால் குற்றவாளி டயரோ ரிம்மோதான். ஸ்டியரிங்கில் எதுவுமே மாறவில்லையென்றால் கோளாறு ஹப்பில், பிரேக்கில் அல்லது ஜாயின்ட்டில் இருக்கிறது; பேலன்ஸிங்குக்கு மேலும் செலவழிப்பது வீண். அரை மணி நேர வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் டயர் வாங்குகிறவர்கள்தான் அதிகம். மாட்டும்போது ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துருப்பொருக்கு ஒன்றே சக்கரத்தைக் கோணலாக உட்கார வைத்துவிடும்.

பேலன்ஸிங் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள். கட்டி அடித்த பிறகு மறுபடி ஒருமுறை சுற்றவிட்டு, உள், வெளி இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ரிம் சுற்றும்போது விளிம்பு வளைந்து வளைந்து ஓடினால் பெண்ட் இருக்கிறது. பெண்ட் எடுக்காமல் எத்தனை கட்டி அடித்தாலும் பயனில்லை.

பலரும் தடுமாறுவது அடுத்த கட்டத்தில்தான். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையையோ தலையையோ விடாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தின் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து, ஒரு கையால் தள்ளி மறுகையால் இழுங்கள். ஆட்டம் தெரிந்ததும் "பேரிங் போச்சு" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை அழுத்தச் சொல்லி, மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் கீழே உள்ள பால் ஜாயின்ட்டையோ லோயர் ஆர்ம் புஷ்ஷையோ சந்தேகியுங்கள். ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கடப்பாரையின் முனையைக் கொடுத்து மெல்ல நெம்பினால் ஜாயின்ட் அசைவது கண்ணுக்கே தெரியும்.

பிறகு 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். 12-6-இல் இல்லாத ஆட்டம் இங்கே இருந்தால் டை ராட் எண்டோ ஸ்டியரிங் ராக்கோதான். எது என்று அறிய வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டியரிங்கை ஒருவர் இடமும் வலமுமாகச் சிறிதளவு அசைக்க, நீங்கள் டை ராட் எண்டின் ரப்பர் உறை மேல் விரலை வையுங்கள். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் விரலில் ஒரு சிறு தட்டு படும். இதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்வது நேரத்தை வீணாக்கும்.

பேரிங்குக்கு இன்னொரு பரிசோதனை: தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மறுகையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் கைக்கு எதுவும் தெரியாது. கெட்டிருந்தால் மணல் அரைபடுவது போன்ற நரநரப்பு ஸ்பிரிங் வழியாக ஏறி வரும். காதுக்குக் கேட்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டிஸ்கின் தடிமன் சுற்றிலும் சீராக இல்லை, அல்லது ஹப்பில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதிகம் பிரேக் போடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தக் கேலிப்பர் பின் இறுகியிருக்கிறது. அதை முதலில் விடுவித்து கிரீஸ் போடாமல் புது டிஸ்க் மாட்டினால் அதுவும் சீக்கிரமே கெடும். லேத்தில் கொடுத்துச் சீவுவதாக இருந்தால், டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது. மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், பேடும் புதிதாக.

டை ராட் எண்டோ லோயர் ஆர்மோ மாற்றியிருந்தால் அலைன்மென்ட் பார்க்கப் போக வேண்டிய நேரம் இதுதான். அதற்கு முன் இல்லை. சக்கரங்களைக் கழற்றி மாட்டியதால், ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.