கணக்கெடுக்கப் போகும் மகளுக்கு

மகள், யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத் துறைக்கு நீ தகுதிகாண் விரிவுரையாளராகப் போகிறாய் என்ற செய்தி நம் மன்னார்ப் பள்ளிமுனை முழுக்கப் பரவிவிட்டது. உன் அம்மாவிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்: "அப்ப பிள்ளை மருந்து குடுக்க மாட்டாவோ?" அவர்களோடு கோபிக்காதே. நோயாளி முன்னால் வந்து இருந்தால்தான் வைத்தியம் என்று ஊர் நினைக்கிறது. நீ பார்க்கப்போவது முன்னால் வராத ஆட்களை. அதே வேலையில் தலைநரைத்த பெரியம்மா என்ற உரிமையில் சிலவற்றை எழுதுகிறேன்.

1. நன்றி கிடைக்காத வேலைக்கு மனதை இப்போதே பழக்கு. வார்டில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றினால் தாய் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வராமல் போன காய்ச்சலுக்கு யார் வந்து கையைப் பிடிப்பார்? 1934-35 மலேரியாவில் இந்த நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். உள்ளூரிலேயே தொற்றிய கடைசி ஆளைக் கண்டது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அன்றைக்கு நம் ஊரில் யாரும் வெடி கொளுத்தவில்லை. சண்டை நடந்த இடங்களிலும் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் பூசி, நுணுக்குக்காட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊழியர்கள் யார் யார் என்று யாருக்குத் தெரியும்? அவர்கள் வரிசையில்தான் நீ போய் நிற்கிறாய். பெருமைப்படு, பாராட்டுக் கேட்காதே.

2. நோய் அடங்கிக் கிடக்கும் காலத்தில்தான் அதிகம் விழித்திரு. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். பதினேழே பேர்! ஜெயித்துவிட்டோம் என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். தேடிப் பார்க்கும் வேலையும் தளர்ந்தது. 1969இல் ஓராண்டுக் கணக்கே ஐந்து லட்சத்தைத் தாண்டியது. எங்கள் ஆசிரியர்கள் இதைப் படிப்பிக்கும்போது குரல் தாழ்ந்துவிடும். அவர்களில் சிலர் அந்தக் காய்ச்சலில் கிடந்து எழும்பிய பிள்ளைகள்.

இப்போது நம் தீவுக்கு வருகிறேன். சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் கடைசியில், மன்னார்த் தீவில் வழமையான பூச்சியியல் பரிசோதனைக்குப் போனவர்கள், கிணறுகளில் இந்த நாட்டில் அதுவரை பதிவாகாத ஒரு நுளம்பைக் கண்டார்கள்: அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்தியாவின் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். 1934இல் நம்மைக் கொன்ற குலிசிபேசிஸ் நுளம்பு, மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளானபோது அவற்றில் பெருகியது. ஸ்டீபன்சிக்கு ஆறே வேண்டாம். கிணறும் தண்ணீர்த் தாங்கியும் போதும். நகரத்தின் நடுவிலேயே குடியிருக்கும். ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்ற சிறிய நாட்டில் 2012இல் இதைக் கண்டபோது அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் எழுபதாயிரத்துக்கு மேல். மன்னாரில் அப்படி நடக்கவில்லை. நேரத்தோடு கண்டது அதற்கு ஒரு பெரிய காரணம் என்பது என் நம்பிக்கை.

எப்படிக் கண்டார்கள் என்பதைக் கவனி. கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார். கியூலெக்ஸ் நுளம்பின் குடம்பி வாற்பக்கத்துக் குழாயை நீர்மட்டத்தில் வைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அனோபிலிசுக்கு அந்தக் குழாய் கிடையாது. நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். இது அனோபிலிஸ் என்று அறிய உன் கண் போதும். எந்த அனோபிலிஸ் என்று அறிய நுணுக்குக்காட்டி வேண்டும், அதற்குப் பிறகு மரபணுச் சோதனையும் வேண்டும். முதலில் வேண்டியது, 'இது வழமையானது மாதிரி இல்லையே' என்று ஒரு கணம் நின்று பார்க்கிற குணம். களைத்துப் போன மாலையில், பெட்டியைக் கட்டிப் புறப்படும் நேரத்தில் அந்தக் குணம் உன்னிடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நீ பேராசிரியராவது எப்போது என்பதை நான் அதை வைத்துத்தான் சொல்வேன்.

3. பின்னத்தின் தொகுதியைத் தேடி எல்லாரும் ஓடுவார்கள். நீ பகுதியைத் தேடு. எத்தனை பேர் செத்தார்கள் என்பது தொகுதி. எத்தனை பேருக்குள் செத்தார்கள் என்பது பகுதி. மன்னாரில் 1981இல் குடித்தொகை எடுத்தார்கள். பிறகு சண்டை. 1991இல் எடுக்கவே இல்லை. 2001இல் எடுத்தபோது வடக்கு முழுமையாகச் சேரவில்லை. அடுத்த முழுக் கணக்கு 2012இல். இடையில் என்னவெல்லாம் நடந்தது! 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, இந்தத் தீவில் நம்மோடு வாழ்ந்த குடும்பங்கள் புத்தளம் பக்கம் போய் இறங்கின. தமிழர்கள் மடுவுக்கு ஓடினார்கள். இரவோடிரவாக வள்ளமேறி இராமேசுவரம் போய் மண்டபம் முகாமில் இருந்தார்கள். காகிதத்தில் மட்டும் மாவட்டத்தின் சனத்தொகை ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே போனது. வெளியேறிப்போன ஆட்களையும் சேர்த்து வகுத்தால் எந்த நோயின் வீதமும் குறைந்துதான் தெரியும். அதைப் பார்த்து 'நிலைமை நல்லது' என்று எழுதுவது எவ்வளவு சுலபம்! 2012இல் உண்மையாக எண்ணியபோது மன்னார் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை; 1981இல் இருந்ததைவிடக் குறைவு.

பகுதியின் அருமையை இந்த நாட்டுக்குக் காட்டியவர் ஒரு மருத்துவர் அல்லர். நம் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கணக்குகளோடு போனார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. சண்டை முடிந்து அரசாங்கத்தின் பக்கம் வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர்; அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கம் அந்த எண்ணை ஏற்கவில்லை. வேறு கணக்குகளும் சொல்லப்பட்டன. எது சரி என்று வாதாடுவதற்காக இதை எழுதவில்லை, மகள். நம் துறை கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, நாலாம் வகுப்புக் கழித்தலோடு, அங்கி அணிந்த ஒரு மனிதர் போய்க் கேட்டார். அவர் 2021இல் இறந்தபோது நான் முதலில் நினைத்தது அந்தக் கழித்தலைத்தான். உன் புள்ளிவிபர மென்பொருள் எவ்வளவு பெரிதானாலும் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை அது உனக்குத் தராது.

4. பி.எச்.ஐ. என்கிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மிட்வைஃபிடமும் மாணவியாக இரு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டின் சுகாதாரத்தைத் தோளில் சுமப்பவர்கள் அவர்கள். நீ கணினியில் பார்க்கும் ஒவ்வொரு வரியும் எங்கேயோ ஒரு வார்டில் ஒருவர் நிரப்பிய எச் 544 என்ற நோய் அறிவிப்புப் படிவத்தில் தொடங்கி, ஒரு பி.எச்.ஐ. மோட்டார் சைக்கிளில் வீடு தேடிப் போனதில் உறுதியானது. முகவரி பிழையாக இருந்தால் அவர் மூன்று ஒழுங்கை சுற்றுவார். அவர்கள் கதிரை எடுத்துப் போட்டால் உட்கார். தேத்தண்ணி தந்தால் குடி. டாக்டர் என்ற சொல்லை வாசலிலேயே விட்டுவிட்டுப் போ.

5. வீட்டில் இல்லாத ஆளை நினை. நம் ஊரில் காலை பத்து மணிக்கு வீடுவீடாகப் போனால் யாரைக் காண்பாய்? கிழவிகளையும் கைப்பிள்ளைக்காரிகளையும். ஆண்கள் கடலில், அல்லது இரவுத் தொழில் முடித்து நித்திரையில். இளம் பெண்கள் நண்டு பதனிடும் இடத்தில். அந்தக் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு 'பள்ளிமுனை மக்கள்' என்று கட்டுரை எழுதினால் அது பாதிப் பள்ளிமுனை.

கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற பெடியளை யோசி. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரசன் குமிழ் குமிழாகி முள்ளந்தண்டைத் தாக்கும்; கால் விழுந்துவிடும். அப்படிக் கால் மரத்து வந்த ஒரு பெடியன் "வள்ளத்தில வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லியிருந்தான்; படிவத்திலும் அப்படியே எழுதியிருந்தது. உண்மையைச் சொன்னால் தொழிலுக்கு இடைஞ்சல் வரும் என்ற பயம். பிறகு வாடியில் அவன் தமையனோடு இருந்து வலை பார்த்துக்கொண்டு பேசியபோதுதான் எத்தனை பாகம் இறங்கினான், எத்தனை சிலிண்டர் என்பதெல்லாம் வந்தது. வினாக்கொத்துக்கு முன்னால் பழக்கம் வேண்டும். ஆள் உன்னை நம்பிய பிறகு வருகிற விடைதான் தரவு.

6. தமிழில் எழுது. உன் பதவி உயர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை வேண்டும்; எழுது, நன்றாக எழுது. ஆனால் அதோடு நின்றுவிடாதே. நீ போகும் அதே துறையில் பேராசிரியராக இருந்த சிவஞானசுந்தரத்தைத் தமிழ் வாசகர்கள் 'நந்தி' என்ற பெயரில் கதைக்காரராகத்தான் அறிவார்கள். மலையகத்தில் வைத்தியராக இருந்தபோது கண்ட தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை 'மலைக்கொழுந்து' என்று நாவலாக்கினார். ஆய்வு செய்வது எப்படி என்று மாணவர்களுக்கு நூலும் எழுதினார். இரண்டும் ஒரே கை. ஒரு தோட்டத்துப் பெண்ணின் நாளைக் கதையாக எழுதக் கூடியவருக்குத்தான் அவளிடம் எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பது தெரியும். நீ கதை எழுத வேண்டாம். ஆனால் நாவலே வாசிக்காத தொற்றுநோயியலாளர் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

7. கட்டுரையில் பேர் போடுவதில் நேர்மையாக இரு. உழைத்தவர் பெயர் இருக்கட்டும். உழைக்காதவர் எவ்வளவு பெரியவரானாலும் வேண்டாம். வெளிநாட்டுக்காரர் பணத்தோடு வந்து இரத்த மாதிரியும் தரவும் கேட்டால், ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படி. மாதிரி எங்கே இருக்கும், எத்தனை ஆண்டு, யார் திறக்கலாம்? கேட்கக் கூச்சப்படாதே.

8. பேச வேண்டிய நாள் ஒன்று வரும். அன்றைக்கு வாயை மூடாதே. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், அந்த நோயால் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும் என்று இங்கே சட்டம் வந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னமே சொல்லியிருந்தது. முஸ்லிம் குடும்பங்கள் கெஞ்சின. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். அறிவியல் என்ற பெயரில் இதைச் செய்தது எனக்கு நெஞ்சில் தைத்தது. கடைசியில் 2020 டிசம்பர் முடிவில் நம் துறையினரின் இலங்கைச் சமுதாய மருத்துவர் கல்லூரி, விரும்பியவர்கள் விதிமுறைகளோடு அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்று எழுத்தில் சொன்னது. சட்டம் மாறியது 2021 பெப்ரவரியில். அந்த அறிக்கை நாலு மாதம் முன்னமே வந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன். ஆதாரம் கையில் இருக்கும்போது சூழ்நிலை சரியாகட்டும் என்று காத்திருப்பவர்கள் படித்தவர்கள்தான். படிக்காதவர் அப்படிக் காத்திருப்பதை நான் கண்டதில்லை.

பேசும்போது இன்னொன்று. ஒரு நோயை ஓர் ஊரின் பெயராலோ சமூகத்தின் பெயராலோ அழைக்காதே. இந்தக் கரை அதை அனுபவித்தது. தலைமன்னாரில் இறங்கி மலைக்கு நடந்த தோட்டக் கூலிகள் கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். பட்டினியும் அழுக்குத் தண்ணீரும் அவர்களைக் கொன்றன. நோய் கொண்டுவருகிற கூட்டம் என்ற பெயர் அவர்களுக்கு மிஞ்சியது.

9. முடிவைக் கொண்டுபோய்ச் சொல். கணக்கெடுக்கும்போது வீடு தேடி வந்தவர்கள் விடையோடு திரும்பி வருவதில்லை என்பது நம் சனத்தின் நியாயமான கோபம். நேரத்தை அவர்களைக் கேட்டு வை; பள்ளிமுனை என்றால் ஞாயிறு பூசை முடிந்த கையோடு வை, ஆண்களும் வருவார்கள். திரை, படம், பிரொஜெக்டர் எல்லாம் வேண்டாம். எத்தனை கிணறு பார்த்தோம், எத்தனையில் குடம்பி இருந்தது, குடம்பியைத் தின்ன மீன்குஞ்சு விட்ட கிணறு எப்படி, விடாத கிணறு எப்படி என்று வாயால் சொல். யார் வீட்டுக் கிணறு என்று மட்டும் சொல்லாதே. பிறகு இருந்து கேள். பின்வரிசையில் ஒரு கிழவி எழும்பி, தன் வளவுக் கிணற்றை நீங்கள் பார்க்கவே இல்லை என்பாள். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்.