இருந்தபோது கடன், இறந்தபின் வருவாய்

அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் என்னும் வணிக இதழ் 2001ஆம் ஆண்டு முதல் விந்தையான பட்டியல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. மறைந்த புகழாளர்களுள் அவ்வாண்டில் மிகுதியாகப் பொருள் ஈட்டியவர் யாவர் என்பதே அப்பட்டியலின் பொருள். 2016ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் முதலிடம் பெற்றவர் பாடகர் மைக்கேல் ஜாக்சன். அவர் மறைந்து ஏழாண்டுகள் கடந்திருந்த அவ்வோர் ஆண்டில் மட்டும் அவர் பெயரில் சேர்ந்த தொகை 82.5 கோடி டாலர் என்று அவ்விதழ் கணக்கிட்டது. அவரே 2009ஆம் ஆண்டில் இறந்தபோது விட்டுச் சென்ற கடனும், கடன்காரர்கள் கோரிய தொகையும் 50 கோடி டாலருக்கு மேற்பட்டவை என அவருடைய சொத்தை நிருவகிப்போர் பின்னாளில் நீதிமன்றத்தில் தெரிவித்தனர்.

உயிரோடிருந்தவரால் அடைக்க இயலாத கடனை இறந்தவர் அடைத்தது எங்ஙனம்? இவ்வினாவை நாம் வேடிக்கைக்காக எழுப்பவில்லை. வருவாய் பெருகினால் கடன் தானே நீங்கும் என்னும் எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைக் காண, உலகிலேயே பெருவருவாய் பெற்றவருள் ஒருவரின் வரவு செலவைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

ஜாக்சன் 1958ஆம் ஆண்டு இண்டியானா மாநிலத்தின் கேரி என்னும் உருக்காலை நகரில், தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவராக உடன்பிறந்தாரோடு பாடத் தொடங்கி, 1982ஆம் ஆண்டில் வெளிவந்த 'திரில்லர்' இசைத்தட்டினால் உலகப் புகழ் எய்தினார். பொருளறிவு இல்லாதவர் என்று அவரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பாட்டில் இருவகை உரிமைகள் உண்டு. பாடி ஒலிப்பதிவு செய்ததன்மேல் உள்ள உரிமை ஒன்று; அப்பாட்டை இயற்றியதன்மேல் உள்ள உரிமை மற்றொன்று. பின்னது யார் கையில் உள்ளதோ அவருக்கு, அப்பாட்டை வேறு எவர் பாடினாலும், வானொலி ஒலிபரப்பினாலும், விளம்பரத்தில் சேர்த்தாலும் ஒரு பங்கு வந்து சேரும். இதனைப் பால் மெக்கார்ட்னி என்னும் ஆங்கிலப் பாடகர் தம்மோடு சேர்ந்து பாடிய ஜாக்சனுக்கு எடுத்துரைத்தார். ஜாக்சன் அதனை மிக நன்றாகவே கற்றுக்கொண்டார். 1985ஆம் ஆண்டில் 4.75 கோடி டாலர் கொடுத்து ஏடிவி என்னும் பாடல் உரிமை நிறுவனத்தை வாங்கினார். அதிலிருந்த ஏறத்தாழ 4,000 பாடல்களுள், மெக்கார்ட்னி தம் தோழர் லெனனோடு இயற்றிய பீட்டில்ஸ் குழுவின் பாடல்களும் இருந்தன. கற்பித்தவரின் பாடல்கள் கற்றவரின் உடைமையாயின!

1995ஆம் ஆண்டில் அந்நிறுவனம் சோனி நிறுவனத்தின் பாடல் உரிமைப் பிரிவோடு இணைக்கப்பட்டது. சரிபாதிப் பங்கு ஜாக்சனுக்கு நின்றது. அதோடு சுமார் 10 கோடி டாலர் ரொக்கமும் அவர் கைக்கு வந்தது. இத்தகைய சொத்து வேறெந்தப் பாடகரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. கேடும் இச்சொத்தின் வழியாகவே நுழைந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

கையிலிருப்பது விலைமதிப்புள்ளது என்று அறிந்தால் கடன் கொடுப்போர் தாமே வந்து வாயிலில் நிற்பர். சொத்தை விற்க வேண்டியதில்லை. ஈடாகக் காட்டினால் போதும். சோனியோடு சேர்ந்த பங்கையும், தாமே இயற்றிய பாடல்களின் உரிமையையும் ஈடு வைத்து ஜாக்சன் வங்கி ஒன்றில் பெற்ற கடன் ஏறத்தாழ 27 கோடி டாலராக வளர்ந்தது. அக்கடன் எதற்குச் சென்றது? கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டில் வாங்கிய 2,700 ஏக்கர் பண்ணைக்கு அவர் 'நெவர்லாண்ட்' என்று பெயரிட்டிருந்தார். அதில் விலங்குக் காட்சிசாலை, இராட்டினங்கள், இரயில் வண்டி, திரையரங்கு எல்லாம் இருந்தன. இவை ஒரு காசும் ஈட்டித் தருவனவல்ல. ஒவ்வொரு நாளும் தீனியும் எண்ணெயும் கூலியும் கேட்பன. அவருடைய ஆண்டுச் செலவு வரவைக் காட்டிலும் 2 முதல் 3 கோடி டாலர் மிகுதியாக இருந்தது என்று கணக்காய்வாளர் ஒருவர் 2005ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார்.

அவ்வழக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறோம். 1993ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் சிறுவர்கள் தொடர்பான கொடிய குற்றச்சாட்டுகள் அவர்மீது எழுந்தன. முன்னது பெருந்தொகை கொடுத்துத் தீர்த்துக்கொள்ளப்பட்டது. பின்னதில் 2005ஆம் ஆண்டு நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. மறைவுக்குப் பின்னும் அக்குற்றச்சாட்டுகள் ஓயவில்லை. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. பெயர் கெட்டதால் விளம்பர வருவாய் வற்றியது, வழக்குச் செலவு ஏறியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

அதே 2005ஆம் ஆண்டில் வங்கி அக்கடனை வேறொரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 2006ஆம் ஆண்டில் சோனியின் துணையோடு பழைய கடனுக்குப் புதுக்கடன் ஏற்பாடாயிற்று. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், பண்ணையின் பணியாளர்களுக்கு ஊதியம் நிலுவையில் இருப்பதையும் அவர்களுக்குரிய காப்பீடு அற்றுப்போனதையும் கண்ட மாநிலத் தொழில்துறை தண்டம் விதித்தது. கோடிகளில் புரண்டவர் வீட்டில் கூலியாட்கள் ஊதியத்துக்குக் காத்திருந்தனர். வாய்பேசா உயிர்களின் நிலையும் எளிதாக இல்லை. காட்சிசாலை கலைந்தபோது விலங்குகள் பல இடங்களுக்குப் பிரிந்து சென்றன. இரு புலிகளுக்கு நடிகை டிப்பி ஹெட்ரன் நடத்திய காப்பகம் புகலிடமாயிற்று. உரிமையாளரின் ஆசைக்காகக் கொண்டுவரப்பட்டு, அவருடைய கடனுக்காக இடம் பெயர்ந்த உயிர்கள் அவை.

நம் இல்லறத்தார் மேற்கொள்ளும் மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தில் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், ஏவலர் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்துக்கொள்கிறோம். ஈட்டுவதைக் காட்டிலும் வைத்திருப்பதையே அது முதலில் நோக்குகிறது. துறவுக்கு முற்படியாக மட்டுமே இதனைக் கருதிவந்த நாம், இப்பாடகரின் கணக்கைப் பார்த்தபின் அதில் நல்ல குடும்பக் கணக்கும் இருப்பதை உணர்ந்தோம். அவரை வீழ்த்தியது குறைந்த வருவாய் அன்று. நாள்தோறும் உண்ணும் உடைமைகளே.

2008ஆம் ஆண்டில் நெவர்லாண்டின்மேல் இருந்த 2.45 கோடி டாலர் கடன் தவணை தவறி, பண்ணை ஏலத்தின் விளிம்புக்கு வந்தது. கடன் பத்திரத்தை வேறொரு நிறுவனம் வாங்கியதால் ஏலம் தவிர்ந்தது. கடனைத் தீர்க்க மீண்டும் மேடையேறுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. இலண்டனில் 50 நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டன. 2009 ஜூலை 13ஆம் நாள் தொடக்கம். ஜூன் 25ஆம் நாள், உறக்கத்துக்காக மருத்துவர் செலுத்திய மயக்க மருந்தினால் அவர் உயிர் பிரிந்தது. வயது 50. அம்மருத்துவர் 2011ஆம் ஆண்டில் தண்டனை பெற்றார்.

இனி நடந்ததைக் காண்போம். 2002ஆம் ஆண்டில் அவர் எழுதிய உயில் ஒன்று இருந்தது. அதன்படி ஜான் பிராங்கா என்னும் வழக்கறிஞரும் ஜான் மெக்ளேன் என்னும் இசைத்துறை வணிகரும் நிறைவேற்றுநர் ஆயினர். நடக்காமற்போன இலண்டன் நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகையைப் படமெடுத்து வைத்திருந்தனர். அதனைத் தொகுத்து அவ்வாண்டு அக்டோபரிலேயே திரைப்படமாக வெளியிட்டனர். உலகெங்கும் 26 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. 2010ஆம் ஆண்டில் சோனி இசை நிறுவனத்தோடு 25 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தம் கையெழுத்தானது. சில ஆண்டுகளுக்குள் அவருடைய சொந்தக் கடன்கள் தீர்ந்தன. 2016ஆம் ஆண்டில் அந்தப் பாதிப் பங்கைச் சோனிக்கே 75 கோடி டாலருக்கு விற்றனர். முதலில் நாம் குறித்த பட்டியல் தொகையின் பெரும்பகுதி இவ்விற்பனையே.

இரசிகர்களின் துயரமும் வாங்கும் ஆர்வமும் இதில் உதவின என்பது உண்மை. 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற இசைத்தட்டுகள் அவருடையவையே. ஆயினும் பெருங்காரணம் வேறு. இறந்தவர் புதிதாகச் செலவு செய்வதில்லை! வரவு முழுவதும் வட்டிக்கும் முதலுக்கும் செல்லத் தொடங்கியது. ஒவ்வொரு செலவும் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டவேண்டிய இருவர் கையில் இருந்தது. பாடல் உரிமைகள் முன்னிருந்த அதே உரிமைகள்தாம்.

கடன் ஒரு சொத்தை எவ்வளவு விழுங்கும் என்பதை வரி வழக்கு ஒன்று காட்டிற்று. இறந்த நாளில் சொத்தின் மதிப்பு என்ன என்று அமெரிக்க வருமான வரித்துறைக்கும் நிறைவேற்றுநருக்கும் வழக்கு மூண்டது. ஜாக்சனின் பெயர், உருவம் ஆகியவற்றின் மதிப்பு வெறும் 2,105 டாலர் என்று நிறைவேற்றுநர் முதலில் காட்டியிருந்தனர். வரித்துறை முதலில் 43.4 கோடி டாலர் என்றது, பிறகு 16.1 கோடிக்கு இறங்கியது. 2021ஆம் ஆண்டில் நீதிபதி வழங்கிய தீர்ப்பு ஏறத்தாழ 41.5 இலட்சம் டாலர். இறப்புக்கு முந்தைய ஆண்டுகளில் அப்பெயர் எதையும் ஈட்டவில்லை என்பதை அவர் கருத்திற் கொண்டார். இதனினும் வியப்பானது மற்றொன்று. சோனியோடு கூட்டாக இருந்த அந்தப் பாதிப் பங்கின் மதிப்பு, அதன்மேல் ஏறியிருந்த கடனைக் கழித்தால், இறந்த நாளில் சுழியம் என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. பின்னாளில் 75 கோடிக்கு விலைபோன சொத்து, தன் உரிமையாளர் கண்மூடிய அன்று அவருக்கு ஒன்றுமில்லாததாக இருந்தது. பண்ணையோ, 2015ஆம் ஆண்டில் 10 கோடி டாலர் விலை சொல்லப்பட்டு, 2020ஆம் ஆண்டில் சுமார் 2.2 கோடிக்கு விற்றது.

எல்விஸ் பிரெஸ்லியின் கதையில் வீடே ஈட்டத் தொடங்கியது. 1957ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் அவர் வாங்கிய கிரேஸ்லாண்ட் மாளிகை, 1977ஆம் ஆண்டில் தம் 42ஆம் வயதில் அவர் மறைந்தபின் ஆண்டுக்கு 5 இலட்சம் டாலருக்குக் குறையாமல் பராமரிப்புக் கேட்டது. அதற்கு நான்காண்டுகட்கு முன்னரே, 1973இல், அதுவரை பாடிய ஒலிப்பதிவுகளின் உரிமையை 54 இலட்சம் டாலருக்கு ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதிலும் ஏறத்தாழப் பாதி அவருடைய மேலாளருக்குச் சென்றது. ஆதலின் பழைய பாடல்களிலிருந்து வரவேண்டியது வரவில்லை. வாரிசான மகளுக்குச் சிறுவயது. மணமுறிவு பெற்றிருந்த தாய் பிரிசில்லா, நிறைவேற்றுநருள் ஒருவராக இருந்து, 1982 ஜூன் 7ஆம் நாள் மாளிகையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார். போட்ட முதல் சில வாரங்களிலேயே திரும்பி வந்தது. தின்றுகொண்டிருந்த வீடு அன்று முதல் ஊட்டத் தொடங்கியது.

மகள் லிசா மேரி 1993ஆம் ஆண்டில் 25 வயது நிரம்பிச் சொத்தை அடைந்தபோது அது பன்மடங்கு பெருகியிருந்தது. 2005ஆம் ஆண்டில் தொழிலின் 85 விழுக்காட்டை விற்றார். மாளிகை மட்டும் குடும்பத்திடமே நின்றது. 2018ஆம் ஆண்டில் அவர் தம் முன்னாள் மேலாளர்மீது வழக்குத் தொடர்ந்தபோது, அறக்கட்டளையில் எஞ்சிய ரொக்கம் 14,000 டாலர் என்றும், கடன் அட்டை நிலுவை 5 இலட்சத்துக்கு மேல் என்றும் கூறினார். அவருடைய மிகைச்செலவே காரணம் என்று மேலாளர் எதிர்வழக்காடினார். இருவருள் யார் சொன்னது சரி என்று தீர்மானிக்க நமக்கு இயலாது. தந்தை இறந்தபின் ஈட்டியது மகள் இருக்கும்போதே கரைந்தது என்பது மட்டும் தெளிவு.

2023 ஜனவரியில் லிசா மேரி மறைந்தார். மறு ஆண்டே, அவர் மாளிகையை ஈடு வைத்து 38 இலட்சம் டாலர் கடன் வாங்கியிருந்தார் என்று ஒரு நிறுவனம் ஏல அறிவிப்பு வெளியிட்டது. அத்தகைய குடும்பத்தில் அப்படி ஒரு கடன் இருக்கக்கூடும் என்று பலர் நம்பும்படியாகவே நிலைமை இருந்தது. பேரப்பெண் நீதிமன்றம் சென்று, கையெழுத்துகள் பொய்யானவை என்று முறையிட்டார். 2024 மே திங்களில் நீதிபதி ஏலத்தைத் தடுத்தார். அப்படியொரு கடன் கொடுத்த நிறுவனமே இல்லை, எல்லாம் மோசடி என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அதனைச் செய்த பெண் 2025ஆம் ஆண்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.