கூரைக்கு நிறம் பார்க்கும் பிள்ளைகளுக்கு

ரொறன்ரோவிலோ மார்க்கத்திலோ பிரம்ப்டனிலோ முதல் வீட்டை வாங்கி, இப்போது அதன் கூரையை மாற்ற நிற்கும் இளம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் உழைப்புக் காலம் முழுவதும் கூரை வேலையில்தான் போனது. விலையையும் உத்தரவாதத்தையும் நீங்கள் வடிவாக விசாரித்துவிடுகிறீர்கள். நிறத்தை மட்டும் கொன்ராக்டர் நீட்டும் கையேட்டில் ஐந்து நிமிடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடுகிறீர்கள். அடுத்த பதினைந்து, இருபது வருடம் வீதியில் போகிறவர்கள் உங்கள் வீட்டை அந்த நிறத்தோடுதான் பார்க்கப்போகிறார்கள்.

1. செங்கல்லிலிருந்து தொடங்குங்கள்.

கதவுக்கு வர்ணம் பூசலாம், பீலியை மாற்றலாம், யன்னலையும் ஒருநாள் மாற்றுவீர்கள். சுவர்ச் செங்கல் அப்படியே இருக்கும். ஆகவே கூரைதான் அதற்கு இணங்கிப் போகவேண்டும். ஒரு செங்கல்லை அரையடித் தூரத்தில் நின்று பாருங்கள். சிவப்பு என்று நாம் சொல்லிவிடும் கல்லில் சூளையில் கருகிய கறுப்பு ஓரம் இருக்கும், கபிலப் புள்ளி இருக்கும், சில இடத்தில் ஊதாச் சாயலும் இருக்கும். கல்லுக்கு நடுவே ஓடும் சாந்து சாம்பலா, மணல் நிறமா என்றும் பாருங்கள். இந்தச் சின்ன நிறங்களில் ஒன்றைக் கூரைக்கு எடுத்தால் தவறாது. கல்லில் பெரிதாகத் தெரியும் நிறத்தையே கூரைக்கும் எடுத்தால் சுவரும் கூரையும் ஒன்றோடொன்று கரைந்து, வீடு ஒரே கட்டியாகத் தெரியும். மஞ்சள் செங்கல் வீட்டுக்கு நீலம் கலந்த சாம்பலை விடக் கபிலம் கலந்த சாம்பல்தான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

2. ஊர் ஓட்டின் சிவப்பைத் தேடாதீர்கள்.

யாழ்ப்பாணத்து ஓட்டு வீட்டில் வளர்ந்த பெற்றோர், "சிவப்பாகப் போட ஏலாதா தம்பி?" என்று கேட்பார்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் சுட்ட களிமண் ஓடு உள்ளும் புறமும் சிவப்பு. இங்கே கூரைக்குப் போடும் ஷிங்கிள் அப்படியல்ல. கண்ணாடி நார்ப் பாயில் அஸ்பால்ட் தாரைப் பூசி, அதன்மேல் நிறப்பூச்சு ஏற்றிச் சுட்ட கல் மணியைப் பதித்துச் செய்வது அது. நிறம் முழுவதும் அந்த மணியின் மேல்தோலில்தான் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் போன்ற அழுத்தமான நிறங்கள் வெயிலில் சற்று வெளிறினாலும் உடனே கண்ணில் படும். சாம்பலும் கபிலமும் வெளிறினால் அவ்வளவாகத் தெரியாது.

3. கையேட்டை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

சேலைக் கடையில் துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறோமே, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும். உள்ளங்கையளவு மாதிரித் துண்டு போதாது. முழு ஷிங்கிள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி, சுவரில் சாய்த்துவைத்து, வீதியின் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, மப்பும் மந்தாரமுமான நாளில் ஒருமுறை. தண்ணீர் தெளித்தும் பாருங்கள். நனைந்ததும் நிறம் இருண்டுவிடும். அதற்கும் மேலாக, அதே நிறம் போட்ட இரண்டு மூன்று வீடுகளின் விலாசத்தைக் கொன்ராக்டரிடம் கேளுங்கள். நல்ல கூரைக்காரர் தயங்காமல் தருவார். ஐந்தாறு வருடம் பழகிய கூரையாக இருந்தால் இன்னும் நல்லது. ‘டிரிஃப்ட்வுட்’, ‘ஹார்வர்ட் ஸ்லேட்’ போன்ற நிறப்பெயர்களை வைத்து எதையும் கற்பனை செய்யாதீர்கள்.

4. சாய்வைக் கணக்கில் எடுங்கள். பழைய ஸ்காபுரோ பங்களாக்களில் கூரை தாழ்ந்த சாய்வு. வீதியிலிருந்து கொஞ்சம்தான் தெரியும். இரண்டு மாடி வீட்டின் செங்குத்தான கூரை முன்னால் வந்து நிற்கும். கறுப்பு வீட்டைத் தாழ்த்திக் காட்டும், வெளிர்நிறம் உயர்த்திக் காட்டும்.

5. வெப்பத்தைப் பற்றி இரு பக்கமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கறுப்புப் போட்டால் குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்குமா?" இதுதான் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. ஜனவரி வெயில் சாய்வானது, பகல் குறுகியது, கூரைமேல் பனி கிடக்கும். பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பீலி ஓரத்தில் ஐஸ் கட்டிபட்டு, தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் ஏறுவதையும் கறுப்பு தடுக்காது. வீட்டுச் சூடு அட்டிக்குக்குள் கசிந்து பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. அதற்கு மருந்து காப்புப்பஞ்சும் காற்றோட்டமும்தான்.

கோடையில் நிறத்தின் வேலை தெரியும். நல்ல வெயிலில் இருண்ட கூரை 65 பாகை செல்சியஸையும் தாண்டிச் சுடும். கறுப்பு ஷிங்கிள் தன்மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. வெள்ளை என்று விற்பதுகூடக் கால் பங்கைத்தான் அனுப்பும், ஏனென்றால் மணிகளின் சொரசொரப்பிலும் அடியிலுள்ள தாரிலும் ஒளி மாட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு இருண்டதாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் மணி பதித்த ஷிங்கிள்களும் இப்போது உண்டு. மேல்மாடியில் பிள்ளைகள் படுக்கும் அறை ஜூலையில் தகிக்கிறதென்றால் அவற்றை விசாரியுங்கள். ஆனால் முதலில் அட்டிக்கைத் திறந்து பாருங்கள். ஒன்ராறியோவில் புது வீட்டு அட்டிக்குக்கு ஆர்-60 அளவு காப்பு போடுகிறார்கள். பழைய வீடுகள் பலவற்றில் அதில் பாதிகூட இருக்காது. காற்றுத் துளைகளின் மொத்தப் பரப்பும் உட்கூரையின் (சீலிங்) பரப்பில் 300-இல் ஒரு பங்காவது இருக்கவேண்டும். வேலைக்காரர் கூரையைக் கழற்றியிருக்கும் நாளில் துளையைக் கூட்டுவது சுலபம். நிறத்துக்காக மேலதிகமாகக் கொடுக்க வைத்திருக்கும் பணத்தை இங்கே போடுங்கள்.

6. ஒரே தயாரிப்புத் தொகுதியில் வாங்குங்கள். 100 சதுர அடியை மூடப் பொதுவாக மூன்று பண்டில் ஷிங்கிள் வேண்டும். 1,500 சதுர அடிக் கூரைக்கு 45-க்குக் குறையாது. ஒரே பெயர் கொண்ட நிறமும் தொகுதிக்குத் தொகுதி இலேசாக மாறும். எல்லாப் பண்டிலிலும் ஒரே தொகுதி எண் இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். ஒட்டும்போது பல பண்டில்களிலிருந்து கலந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிரலாக நேரே மேலேற்றிக்கொண்டு போனால் கீழிருந்து பட்டை பட்டையாகத் தெரியும்.

7. சின்னப் பாகங்களின் நிறத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: முகட்டு ஷிங்கிள், காற்றுப்போக்கிப் பெட்டி, ஓரத்தகடு, குழாயைச் சுற்றிய தகடு. கருஞ்சாம்பல் கூரையில் ஒரு கபிலப் பெட்டி போதும், பார்வை அங்கேயே போய் நிற்கும்.

8. ஒட்டு வீடென்றால் பக்கத்து வீட்டாரோடு முதலில் கதையுங்கள். ஒரே முகட்டில் பாதி கறுப்பும் பாதி கபிலமும் இரண்டு வீட்டுக்கும் அழகில்லை. கொண்டோமினியமாகப் பதிவான டவுன்ஹவுஸில் நிர்வாகச் சபையின் அனுமதி வேண்டும். கபேஜ்டவுன் போன்ற மரபுரிமைப் பகுதிகளில் வேலை தொடங்கமுன் நகரசபையிடம் கேளுங்கள்.

9. நிழலடிக்கும் பக்கத்தில் சில வருடங்களில் கறுப்புக் கோடுகள் வழியலாம். அது புகையல்ல, குளோயோகாப்சா மாக்மா என்ற நுண்ணுயிர்; ஷிங்கிளிலுள்ள சுண்ணாம்புக்கல் தூளில் வாழ்கிறது. வெளிர்நிறத்தில் பளிச்சென்று தெரியும். பெரிய மரமுள்ள வளவென்றால் செப்பு கலந்த மணியுள்ள ஷிங்கிளைக் கேளுங்கள். அழுத்த நீர் அடித்துக் கழுவ யாரையும் விடாதீர்கள், மணி உதிர்ந்துபோகும்.

10. மிஞ்சிய பண்டிலில் ஒன்றைக் கராஜில் படுக்கையாக வைத்திருங்கள். நிறுவனம், நிறப்பெயர், தொகுதி எண் மூன்றையும் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். நிறங்களை நிறுவனங்கள் நிறுத்திவிடுவதுண்டு. காற்றில் நாலு ஷிங்கிள் பறந்துபோனால் அந்தப் பண்டில்தான் கைகொடுக்கும்.