ஓய்வில் நிற்கும் சேமக்கலத்தின் பராமரிப்பு

களப்பணி ஊர்திகளும் இழுவை வண்டிகளும் மழைக்காலத்தில் பல வாரங்கள் கொட்டகையில் நிற்பதுண்டு. வண்டி ஓய்ந்திருப்பினும், அதிலுள்ள ஈய-அமிலச் சேமக்கலம் ஓய்வதில்லை. அதன் மின்னூட்டம் தானே குறைந்துகொண்டிருக்கும். வெப்பம் மிகுந்தால் இக்குறைவு விரைவுறும். ஆகவே, 1877 முதல் வானிலை ஆய்வு நடைபெற்றுவரும் கொல்கத்தா அலிப்பூர் போன்ற வெப்பமான இடங்களில் மிகுந்த கவனம் தேவை. ஜூன் மாதத்தில் மறந்த கலம், அக்டோபர் புயலின்போது கருவியை இயக்காது.

மின்னூட்டம் குறைகையில் தகடுகளில் ஈய சல்பேட் படிகின்றது. விரைவில் மின்னூட்டினால் அது மறையும். நாட்பட விட்டால் கெட்டிப்பட்டுக் கலத்தின் கொள்திறனைக் குறைத்துவிடும்.

செய்யவேண்டியவை:

1. நிறுத்துமுன் கலத்தை முழுமையாக மின்னூட்டுக.

2. கடிகாரம் போன்ற சிறு கருவிகளும் மின்சாரத்தை உண்ணுமாதலால் இணைப்பை நீக்குக. எதிர்முனை வண்டிச் சட்டத்துடன் இணைந்திருப்பின் அதனையே முதலில் கழற்றுக.

3. திறந்த வகைக் கலத்தில் நீர் குறைந்தால் வாலைவடிநீரை மட்டும் சேர்க்க; அமிலம் சேர்த்தலாகாது.

4. மாதந்தோறும் அளந்து பார்க்க. 12 வோல்ட் கலம் முழுநிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் குறையின் மின்னூட்டுக.

5. அப்போது ஹைட்ரஜன் வெளிப்படும். காற்றோட்டம் வேண்டும், தீ ஆகாது.

பள்ளி ஆய்வுக்கூடச் சேமக்கலங்களுக்கும் கோடை விடுமுறையில் இவையே பொருந்தும்.