முதலில் எந்த ஆபத்தை அடக்குவது?

ஆர்.என்.ஏ. பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திரவத்தில் நோயாளியின் மாதிரி இருக்கிறது. அதில் கிருமி இருக்கலாம். குவானிடின் தயோசயனேட்டும் இருக்கிறது. சில முறைகளில் பீனாலும் குளோரோஃபார்மும் சேர்ந்திருக்கும். இதை உயிரிக் கழிவாகக் கொள்வதா, ரசாயனக் கழிவாகக் கொள்வதா? இரண்டுமாகத்தான். அதனால்தான் சிக்கல். ஒன்றை அடக்குகிறேன் என்று இறங்கி மற்றொன்றைக் கிளப்பிவிடக் கூடாது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டே தேருங்கள்.

கைக்கு எட்டுவது பிளீச். மலிவு, எல்லோருக்கும் பழக்கம். ரசாயனம் கலக்காத வளர்ப்புத் திரவத்துக்கு அது போதும். ஆனால் மேலே சொன்ன திரவத்தில் ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு, சயனோஜன் குளோரைடு போன்ற கொல்லும் வாயுக்கள் எழும். ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட்டின் பெட்டியிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும்; வேலை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் கவலை. அமிலத்தோடு சேர்ந்தால் பிளீச் குளோரினைத் தரும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைனை. ஆகவே குவானிடின் உள்ள எதையும் பிளீச் தொடக் கூடாது. மூடிய தனிக் கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவாக அனுப்புங்கள். கிருமி இருக்கலாம் என்பதையும் லேபிளில் எழுதுங்கள். கேனைத் தூக்குபவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

கிருமியை ஒழிப்பதில் ஆட்டோகிளேவுக்கு நிகரில்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி 121 டிகிரி செல்சியஸ், 15 பிஎஸ்ஐ அழுத்தம், குறைந்தது 60 நிமிடம். வளர்ப்புத் தட்டுகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஃபார்மலின், பீனால், குளோரோஃபார்ம் கலந்த பை என்றால் கதையே வேறு. சூட்டில் அவை ஆவியாகும். கதவைத் திறப்பவரின் முகத்தில் அடிக்கும். பிளீச் ஊற்றிய பையையும் உள்ளே வைக்க வேண்டாம்.

எரிப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஃபார்மலினில் கிடந்த திசுவைப் பொறுத்தவரை சரி: திரவத்தை வடித்துத் தனியே வைத்துவிட்டுத் திசுவை எரிப்புக்குப் போகும் மஞ்சள் பையில் போடலாம். ஆனால் பாதரசம் எரியாது, ஆவியாகிப் புகைபோக்கி வழியே ஊருக்குள் வரும். கழிவுநீர்ப் பரிசோதனையில் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) பார்க்கும் குப்பிகளில் பாதரசம், வெள்ளி, டைகுரோமேட், கந்தக அமிலம் நான்கும் ஒன்றாக இருக்கும். அவற்றை மஞ்சள் பையிலும் போடக் கூடாது, சிங்க்கிலும் ஊற்றக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கே அவை போக வேண்டும். செலவுதான், ஆனால் இங்கே வேறு வழியைத் தேடுவதில் அர்த்தமில்லை. பொதுவாக 90 நாளுக்கு மேல் இத்தகைய கழிவைத் தேக்கி வைக்க விதி இடம் தருவதில்லை; வண்டி வரும் நாளை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கதிரியக்கம் சேர்ந்தால் மட்டும் காத்திருப்பதே சிகிச்சை. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள். பத்து அரை ஆயுள், அதாவது 143 நாள் கழிந்தால் கதிரியக்கம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பிறகு அளந்து பார்த்து, மிஞ்சிய ரசாயனத்துக்கோ கிருமிக்கோ உரிய வழியில் அனுப்பலாம். அதுவரை அழுகும் திசுவென்றால் பூட்டிய உறைபெட்டி வேண்டும். கார்பன்-14க்கு இந்த வழி செல்லாது, அதன் அரை ஆயுள் 5,700 ஆண்டு. கதிர்ப் பாதுகாப்பு அலுவலரைக் கேட்காமல் இதில் எதையும் நகர்த்தாதீர்கள்.

எந்த வழிக்கும் முன்னால், கேன்களைப் பிரித்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹால், அசிட்டோன் கேனில் சேர்த்து இறுக மூடினால் வாயு பெருகிக் கேன் வெடிக்கும், சில சமயம் பல மணி நேரம் கழித்து. கல்லூரி ஆய்வகங்களில் டாலன்ஸ் சோதனைக் கரைசலைச் சேர்த்தே வைக்கக் கூடாது; நின்றால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் உருவாகும். அன்றே நீர்த்த அமிலம் சேர்த்துச் செயலிழக்கச் செய்து, வெள்ளிக் கழிவுக் கேனில் ஊற்ற வேண்டும்.

லேபிள் இல்லாத பழைய பாட்டில் கிடைத்தால் முகர்ந்து பார்க்காதீர்கள், வேறொன்றோடு சேர்க்காதீர்கள். தட்டில் தனியே வைத்து, அபாயக் கழிவு மையத்தின் ஆட்களிடம் சோதிக்கச் சொல்லுங்கள். ஈதர் பாட்டிலின் மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் தொடவே வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு, வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களை அழையுங்கள்.