உடலுக்குள் தெறிக்கும் பொறிகள்



அம்மா கத்தரிக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். போடாவிட்டால் வெட்டிய பக்கம் சற்று நேரத்தில் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் காயிலுள்ள பொருள்களுடன் சேர்வதே காரணம். நாம் உயிர் வாழ இன்றியமையாத அதே ஆக்சிஜன் நம் உடலுக்குள்ளும் இத்தகைய வேலையைச் செய்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

இதை நான் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நான் குள்ளமானவள், சற்றுப் பருமனும்கூட. தோழியர் சிலர் 'பூசணி' என்று அழைத்ததால், சென்ற ஆண்டு காலை உணவை நிறுத்திவிட்டேன். பத்தாம் நாள் காலை வழிபாட்டு வரிசையில் மயங்கி விழுந்தேன். அறிவியல் சிஸ்டர் சூடான பால் கொடுத்து, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டார்கள். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. "முதலில் உன் உடலைப் பற்றிப் படி, பிறகு அதைத் திருத்தலாம்" என்றார்கள். படித்ததை உங்களுக்கும் கூறுகிறேன்.

நாம் உண்ணும் உணவு, உயிரணுக்களிலுள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய அடுப்புகளில் ஆக்சிஜனின் உதவியால் எரிந்து ஆற்றல் தருகிறது. அடுப்பிலிருந்து பொறிகள் தெறிப்பதுபோல, ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி சூப்பராக்சைடு போன்ற, விரைந்து வினைபுரியும் பொருளாக மாறுகிறது. இப்பொறிகள் முற்றிலும் தீயவை அல்ல. வெள்ளையணுக்கள் இவற்றைக் கொண்டே கிருமிகளைக் கொல்கின்றன. மிஞ்சியவற்றை அணைக்க உடலில் நொதிகள் உள்ளன. சூப்பராக்சைடை மாற்றும் நொதியை 1969-இல் மெக்கார்டு, பிரிடோவிச் என்னும் அறிஞர்கள் அமெரிக்காவில் கண்டறிந்தனர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நறுக்கிய உருளைக்கிழங்கின்மீது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டினோம், பொங்கி நுரைத்தது. காட்டலேஸ் என்னும் நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்ததே அதற்குக் காரணம். நம் உடலிலும் அந்நொதி உண்டு.

பொறிகள் மிகுந்து, அணைக்கும் ஆற்றல் போதாத நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படும். தேவைக்கு மேல் உண்டால் அடுப்பில் விறகு மிகும், பொறியும் மிகும். கொழுப்புத் திசு பெருகும்போது அங்கு வெள்ளையணுக்கள் கூடி அழற்சியை உண்டாக்கிப் பொறிகளை மேலும் பெருக்குகின்றன. இது நீடித்தால் இன்சுலின் சரிவர வேலை செய்யாது. இரத்தக் குழாய்களும் கெடும். சர்க்கரை நோயும் இதய நோயும் இவ்வழியில் நெருங்குகின்றன.

இதில் உயரத்திற்கு என்ன வேலை? எடையை உயரத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள இரு பெண்களில் 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவரின் எண் 22. 150 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கோ ஏறக்குறைய 27. முன்னவர் அளவானவர், பின்னவர் எடை மிகுந்தவர். ஆனால் நம்மைப் போன்ற வளரும் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அளவு பொருந்தாது. வயதுக்குரிய அட்டவணையைக் கொண்டு மருத்துவரே கூற வேண்டும். உயரத்தைப் பெரும்பாலும் மரபே தீர்மானிக்கிறது. எனினும் வளரும் பருவத்தில் நெடுநாள் பட்டினி கிடந்தால் உயரமும் குறையும். நான் செய்யவிருந்த தவறு அதுவே!

மாத்திரையால் பொறிகளை அணைத்துவிடலாமே என எண்ணாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிப்போருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான முடிவின்படி, அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது! முருங்கைக் கீரை, நெல்லி, கொய்யா, வேர்க்கடலை ஆகியவற்றை உணவாகவே உண்போம். உடற்பயிற்சி அணைக்கும் நொதிகளை வலுப்படுத்துவதால் விளையாட்டு வகுப்பைத் தவிர்க்காதிருப்போம்.

இப்போது நான் மூன்று வேளையும் அளவாக உண்கிறேன். மாலையில் வளைபந்து ஆடுகிறேன். இன்னும் குள்ளமாகத்தான் இருக்கிறேன். ஆனால் மயங்கி விழுவதில்லை. தோழியரே, இனி யாரையும் 'குண்டு' என்றோ 'குட்டை' என்றோ அழைக்காதிருப்போமா? அச்சொல்லுக்கு அஞ்சி ஒருத்தி தன் சோற்றைத் தள்ளிவைக்கக்கூடும்.