கூடைப்பந்தாட்ட விதிகளும் இடவேற்றுமையும்

பல்லாங்குழி ஆடுவோர், ஊர்க்கு ஊர், ஒரோவழி வீட்டுக்கு வீடு, விதி வேறுபடுதலை நன்கறிவர். போடியிற் பிறந்த பெண் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டால், முதல் ஆட்டத்திலேயே "எங்கள் ஊரில் இப்படியில்லை" என்று வழக்காடுவாள். சடுகுடுவுக்கும் இஃது ஒக்கும். ஆயின் விதிகள் அச்சுநூலாய் அமைந்து, நடுவர் குழலூதி ஆளும் கூடைப்பந்தாட்டத்திலும் இவ்வேற்றுமை உண்டென்பதும், அது மிக்கிருப்பது அவ்வாட்டம் பிறந்த நாட்டிலேயே என்பதும் வியப்புக்குரியன.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித், பனிக்காலத்தில் மாணாக்கர் கட்டடத்தினுள்ளே ஆடுதற்பொருட்டு இதனை வகுத்தார். பழக்கூடை இரண்டு, விதிகள் பதின்மூன்று, வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அச்சங்கத்தின் வழியே ஆட்டம் கடல் கடந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியை நம் பள்ளிகள் மறத்தற்கில்லை.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கெனப் பொது விதிநூல் ஒன்று உண்டு. எனினும் ஆட்டங்களை நடத்துவது அந்தந்த மாநிலச் சங்கமே. பொது விதிப்படி எட்டு நிமிடங் கொண்ட நான்கு பகுதிகள் ஆடல்வேண்டும். மின்னசோட்டாவிலும் விஸ்கான்சினிலுமோ பதினெட்டு நிமிடங் கொண்ட இரு பாதிகள். பந்தைக் கைக்கொண்ட அணி இத்தனை நொடிக்குள் கூடையை நோக்கி எறிதல்வேண்டும் என்னும் கடிகார விதி, கலிபோர்னியா முதலிய சில மாநிலங்களில் முன்னரே வழங்கியது. ஏனையவற்றுள் விரும்புவன 35 நொடிக் கடிகாரத்தை 2022-23 முதல் கொள்ளலாம் என 2021-இல் இசைவளிக்கப்பட்டது. கடிகாரமில்லா மாநிலத்தில், ஒரு புள்ளி முந்திய அணி பந்தைத் தமக்குள்ளேயே மாற்றி மாற்றிக் காலங் கழித்து வெல்லலாம். எல்லைக்கு அப்பால் அவ்வுத்தி செல்லாது. திசைச்சொல் பயின்ற நமக்கு இது புதிதன்று.

அயோவா மாநிலத்தின் செய்தியோ நகைத்துக் கடக்கத் தக்கதன்று. ஆங்குப் பள்ளிப் பெண்கள் 1993 வரையிலும், ஓக்லஹோமாவில் 1995 வரையிலும், அணிக்கு அறுவராய் ஆடினர். மூவர் எறிவோர், மூவர் காப்போர், நடுக்கோட்டை இருசாராரும் கடத்தலாகாது. காண வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை. சிற்றூர்கள் தம் பெண்களின் ஆட்டத்தைப் பெருமிதத்துடன் போற்றின. ஆயினும் காக்கும் பெண் தன் பள்ளிக்காலம் முழுதும் ஆட்டத்தில் ஒருமுறையேனும் கூடையை நோக்கிப் பந்தெறிந்திலள். ஐவர் ஆடும் கல்லூரி அணியில் அவட்கு இடமேது? ஊர்வழக்கின் இனிமையை யாம் மறுக்கவில்லை. அதற்கு விலைகொடுத்தவள் அப்பெண்ணே என்கின்றோம்.

இனி நம் தேனி மாவட்டத்துக்கு வருவோம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப், பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக மே மாதந்தோறும் நடத்தும் அகில இந்தியப் போட்டியை அறியாதார் இப்பக்கத்தில் இலர். ஆங்கு ஆள்வது பன்னாட்டு விதி: பத்து நிமிடங் கொண்ட நான்கு பகுதிகள், எறிதற்கு 24 நொடி. பெரியகுளத்தில் பயின்ற சிறுவன் மணிலாவிலோ மாட்ரிடிலோ புதிதாய்க் கற்கவேண்டுவது யாதுமில்லை. இது பெரும்பேறே.

ஆனால் நூல் ஒன்றாயிருத்தல் வேறு, களம் ஒன்றாயிருத்தல் வேறு. மும்மைப்புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குப் பன்னாட்டு ஆட்டங்களில் 2010-இல் தள்ளப்பட்டபோது, மண்களத்துக்கு ஒரு கூடைச் சுண்ணாம்பே போதும். கடிகாரமோ அவ்வாறன்று. இரு கூடைக்கும் மேலே நொடி காட்டும் மின்கருவியும், அதனை இயக்கப் பயின்றவரும் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் சிறு பள்ளிகளில் அவை எளிதிற் கிட்டா. ஆகவே மாணாக்கன் நிதானமாய் ஆடிப் பழகுகின்றான். பெருங்களம் புக்கபோது, எறியக் கையெடுக்குமுன் ஒலி எழுகின்றது. அவனுக்குத் திறமை குறைவென்பார் கூற்றை யாம் ஒப்போம்.

அமெரிக்கர் போல விதியைத் தளர்த்துக என்று சிலர் கூறக்கூடும். அது வேண்டா. விதி நிற்க; பயிற்சியில் நொடி எண்ணுக. கைக்கடிகாரமும் குழலும் உடைய ஒருவர் கோட்டோரம் நின்று, பத்து நொடி எஞ்சும்போது உரக்க எண்ணத் தொடங்கினால் போதும். அன்று காலில் அடிபட்டு ஆடாதிருக்கும் மாணாக்கனே அதனைச் செய்யலாம்.